தேய்மானமும் பழுதும்

நான் பி.காம். 'இந்த வாரம் உயிர்வேதியியல்' என்று சொன்னதும் ஆசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயப்பட வேண்டாம். எங்கே சுற்றினாலும் கடைசியில் கணக்கு நோட்டில்தான் வந்து நிற்பேன்.

ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். இப்போது பெட்டியைத் திறந்தால் டப்பா டப்பாவாக மாத்திரை. லேபிளில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று கொட்டை எழுத்து. "வயசானவங்களுக்கு ரொம்ப நல்லதும்மா, உடம்புக்கும் மனசுக்கும் தெம்பு. தினம் ஒண்ணு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வாரம் விமானம் ஏறிவிடுவார்கள்.

அது என்ன சமாசாரம் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

இரும்பு கேட் துருப்பிடிப்பதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் ஆக்ஸிஜன் செய்கிற வேலை. அதே ஆக்ஸிஜனை வைத்துத்தான் நம் செல்கள் சாப்பாட்டை எரித்து சக்தி எடுக்கின்றன. எரிகிற அடுப்பில் நாலு பொறி தெறிக்குமல்லவா? அந்தப் பொறிகளுக்கு 'ஃப்ரீ ராடிக்கல்' என்று பெயர். கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எதிரே வருவதையெல்லாம் சுட்டுவிட்டுப் போகும். உடம்பும் சும்மா இல்லை. பொறியை அணைக்கச் சொந்தமாகவே என்ஸைம்கள் வைத்திருக்கிறது. வரவும் செலவும் டேலி ஆகிறவரை தொந்தரவு இல்லை. வயது ஏற ஏற பொறி கூடுகிறது, அணைக்கிற ஆள் குறைகிறது. டேலி ஆகாமல் நிற்கிற அந்த வித்தியாசம்தான் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'.

முதுமையே இந்தச் சேதாரத்தின் கூட்டுத்தொகைதான் என்று 1956-ல் எழுதியவர் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர். பெட்ரோலியக் கம்பெனியில் ரசாயன வேலை பார்த்துவிட்டு, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 98 வயது வரை இருந்து, 2014-ல் காலமானார். தன் தியரியோடு அவருக்கு ஏதோ தனி ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

சரி, இதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நம் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம். ஆனால், உள்ளே போகிற ஆக்ஸிஜனில் 20 சதவிகிதத்தை அதுதான் சாப்பிடுகிறது. பெரிய அடுப்பு, நிறையப் பொறி. போதாக்குறைக்கு, மூளை முழுக்க எளிதில் கெடக்கூடிய கொழுப்பு. மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தச் சேதாரத்தின் தடயங்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக அதிகம் இருந்தன.

இங்கேதான் மாத்திரைக் கம்பெனிகள் ஒரு துள்ளு துள்ளுகின்றன. 'துருதான் சோகத்துக்குக் காரணம், துருவை எடுத்தால் சோகம் போச்சு!'

அவசரப்படாதீர்கள். மனசு சரியில்லாதவர் சரியாகத் தூங்குவதில்லை, நடப்பதில்லை, சாப்பிடுவதில்லை. இதெல்லாமே துருவைக் கூட்டும். கோழியா முட்டையா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. பொறி முழுக்க வில்லனும் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதே இந்தப் பொறியை வைத்துத்தான்.

மாத்திரையால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தில் ஒரு பாடம் கிடைத்தது. புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்குப் பல வருஷம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளும், சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பிக்கை. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி இன்னொரு சோதனையை 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டில் இருக்கும்போது சாதுவாக இருக்கும் ஒன்று, டப்பாவுக்குள் போனதும் வேறு ஆளாகிவிடுகிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஈயை அதிக அளவில் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் துருவோடு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். 76 வயது. காலையில் பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் காபியே குடிப்பார். நாலு வருஷம் முன்பு அது நின்றது. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "முட்டி வலிக்குதுடா" என்பார். இன்னொரு நாள் வயிறு மந்தம் என்பார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வயசாச்சுல்லப்பா, இனிமே அப்படித்தான்" என்றார் பெரியம்மா. டல்லாஸில் இருக்கிற மகன் அனுப்பிய டப்பாக்கள் ஸ்டூலில் வரிசையாக நின்றன.

"சாப்பிடறீங்களா பெரியப்பா?"

"துரு ஏறின தகட்டு மேல பெயின்ட் அடிச்சா பெயின்ட்டுக்குத்தான்டா கேடு. முதல்ல சுரண்டணும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாதுடா. சீக்கிரம் போயிட்டா தேவலை" என்றார்.

முதல் வாக்கியத்துக்குச் சிரித்த நான், இரண்டாவதற்கு எழுந்து நின்றுவிட்டேன். அந்த வாரமே முதியோர் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அவசரப்படவில்லை. 'ஆமாம் இல்லை' என்று பதில் சொல்கிற மாதிரி பதினைந்து கேள்விகள் கேட்டார். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துப் பார்த்தார். தைராய்டு, பி-12 எல்லாம் சோதித்தார். சாக விருப்பம் உண்டா என்பதையும் நேராகவே கேட்டார். பெரியம்மா பதறிப்போனார். பெரியப்பாவோ, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி பேச ஆரம்பித்தார். பணிமனைக் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது, போனில் பேரன் பேசும் இங்கிலீஷ் புரியாதது... முக்கால் மணி நேரம்.

"இது வயசு இல்லீங்க, டிப்ரெஷன். குணமாக்கக்கூடிய வியாதி" என்றார் டாக்டர்.

என் பி.காம். மூளைக்கு அங்கேதான் உறைத்தது. இங்கிலீஷில் டிப்ரிசியேஷன் என்றால் தேய்மானம். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் இவ்வளவு என்று கழித்துவிடுவோம். அது எதிர்பார்த்த நஷ்டம், யாரும் கவலைப்படுவதில்லை. மெஷின் நின்றுபோனால் அது பழுது. அதற்குத் தனித் தலைப்பு. ஆளைக் கூப்பிட்டுச் செலவு செய்து சரிபார்க்க வேண்டும். பழுதைத் தேய்மானத்தில் எழுதினால் ஆடிட்டர் விட மாட்டார். ஆனால் வீடுகளில் அதைத்தான் செய்கிறோம். டிப்ரெஷனை டிப்ரிசியேஷன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மிகைப்படுத்தவில்லை. இந்தியாவில் 2017-18-ல் முதியோர் பற்றி ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. 60 வயது தாண்டியவர்களில் 8.3 சதவிகிதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கேள்விகளின் மூலம் தெரிந்தது. 'எனக்கு அப்படி இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்றவர்கள் 0.8 சதவிகிதம்தான். பத்தில் ஒன்றுதான் கணக்கில் ஏறியிருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஒரு மாத்திரையும், பி-12 ஊசியும், மாதம் இரண்டு முறை கவுன்சலிங்கும், தினம் அரை மணி நடையும் எழுதித் தந்தார்கள். நடையில் ஒரு வேடிக்கை. உடற்பயிற்சி செய்தால் அந்த நேரத்துக்குப் பொறி கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து உடம்பு தன் தீயணைப்புப் படையைப் பெரிதாக்கிக்கொள்கிறது. டப்பா எதுவும் தேவையில்லை. கீரையும் கொய்யாவும் நெல்லிக்காயும் தாராளமாகச் சாப்பிடலாம்.

மூன்று மாதத்தில் குறுக்கெழுத்து திரும்பி வந்தது. முழுசாக இல்லை, பாதிக் கட்டம். தூக்கம் நாலரை வரை நீண்டது. முட்டி வலி அப்படியே இருக்கிறது. அது நிஜமாகவே தேய்மானம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். பிடித்ததை நிறுத்தியிருக்கிறாரா, தூக்கமும் பசியும் மாறியிருக்கிறதா, 'நான் இருந்து என்ன' என்கிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால் அந்த இரண்டு வாரம்கூட வேண்டாம், உடனே போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் கட்டணமில்லாத அரசு எண்கள்.

கடைசியாகக் கொஞ்சம் அக்கவுன்டன்ஸி. தேய்மானத்தில் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. போன வருஷ மீதியில் இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போவார்கள். எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. பெரியவர்கள் கணக்கை இந்த முறையில்தான் எழுத வேண்டும்.