காருக்குள் பூஞ்சணம்

வன்னியின் மாரி ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீள்வது. குளங்கள் நிறைவதையும் வயல்கள் அழிவதையும் பத்திரிகையாளர்களாகிய நாம் ஆண்டுதோறும் எழுதிவருகிறோம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோதும் எழுதினோம். வெள்ளம் வடிந்தபின் வீடுகளுக்குள்ளும் வாகனங்களுக்குள்ளும் பிடிக்கும் பூஞ்சணம் மட்டும் செய்தியாவது அரிது.

பழைய வாகனத்தைப் பேணுவது இங்கே பொழுதுபோக்கு அன்று. 1990 இல் தொடங்கிய எரிபொருள் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெய்யில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களே நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருப்பதைக் காப்பாற்றுவதே பலருக்கு வழியாயிற்று.

பூஞ்சணத்துக்கு வேண்டியவை ஈரமும் உணவும் அசைவற்ற காற்றும். காற்றின் ஈரப்பதன் எழுபது வீதத்தைத் தாண்டினால் அது தழைக்கத் தொடங்கும். றெக்சினை அது உண்பதில்லை. றெக்சின்மீது படிந்த வியர்வையையும் தூசியையும் உண்கிறது. பூட்டியே கிடக்கும் கார் அதற்குச் சிறந்த விளைநிலம்.

வவுனியாவில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் அத்தகைய ஏ-40 ஒன்று நின்றது. அதைக் கடைசியாக ஓட்டியவர் அவருடைய தம்பி. 2006 இல், ஏ-9 வீதி மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் கிளிநொச்சிக்குப் போனவர் திரும்பவில்லை. தாயார் காரைத் திறக்க எவரையும் விடவில்லை. மாலைகளில் தாமே பேரப்பிள்ளையுடன் அதற்குள் சென்று அமர்ந்திருப்பார். பிள்ளைக்கு இழுப்பு வரத் தொடங்கியபின்பே வீட்டில் பேச்செழுந்தது.

“எல்லாத்தையும் கழுவிப்போட்டால், அவன் வந்து கேட்கேக்க நான் என்ன சொல்லுறது, தம்பி?” என்று என்னிடம் கேட்டார். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிப் பலமுறை எழுதியவன் நான். அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. “பிள்ளையின் மூச்சுக்காக” என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திறப்பைத் தந்தார்.

முதலில் காரை வெளியே தள்ளி நான்கு கதவுகளையும் திறந்தோம். முகக்கவசமின்றி இவ்வேலையில் இறங்கலாகாது. உலர்ந்த பூஞ்சணத்தைத் தூரிகையால் தட்டினால் வித்துகள் காற்றில் பரவும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தபின், வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து பூசி, கால்மணி நேரம் விட்டுத் துடைத்தோம். குளோரின் கலந்த வெளுப்பான் துணியின் நிறத்தைக் கெடுக்கும். வினாகிரியோடு அது சேர்ந்தால் நச்சுவாயு எழும். ஆசனங்களுக்குள் இருந்த தும்பு உக்கிப்போயிருந்தது. ஊறிய திணிப்பைக் கழுவிப் பயனில்லை. அதை எரித்துவிட்டுப் புதுத்தும்பு வைத்தோம். பின்னர் மூன்று நாள் வெய்யில். கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு வெய்யிலில் விட்டால் ஈரம் உள்ளேயே சுழலும்.

நீர் வந்த வழியை அடைக்காவிடில் இவ்வளவும் வீண். இங்கே முன்கண்ணாடியின் இறப்பர் வெடித்திருந்தது. தரைத்தகட்டிலும் துரு ஓட்டை. குளிரூட்டி உள்ள புதிய கார்களில், இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே குளிரூட்டலை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுவது நன்று. உள்ளே தங்கும் ஈரம் உலரும்.

முன்பெட்டிக்குள் எரிபொருள் நிரப்பிய பற்றுச்சீட்டு ஒன்று இருந்தது. அதை நிழலில் உலர்த்தித் தாயாரிடம் கொடுத்தோம். சாரதி ஆசனத்தின் உறையை மாற்ற மட்டும் அவர் இணங்கவில்லை. கழுவிக் காயவைத்து அதையே மீண்டும் போட்டோம். இப்போது வெய்யில் எறிக்கும் நாள்களில் அவரே கதவுகளைத் திறந்துவைக்கிறார்.