தருமச் சொத்தும் விற்பனையும்

ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேடிய வீட்டையோ நிலத்தையோ ஒரு ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்மூடுகிறார். அவர் படத்துக்கு மாலையிட்டு, ஆண்டுக்கொருமுறை புகழ்ந்து பேசிவிட்டால் நம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். உண்மையில் அன்றுதான் கடமை தொடங்குகிறது.

நாம் உறுப்பினராயிருந்த ஒரு சங்கத்துக்கு, பால்மரம் சீவிப் பிழைத்த பெரியவர் ஒருவர் தம் சிறு கடைவீட்டை விட்டுச் சென்றார். அதன் வாடகையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரவேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. சில ஆண்டுகளில் கூரை ஒழுகிற்று. வாடகை பாக்கி நின்றது. பின்னர் ஒருநாள் வீடு விலையாகிவிட்டதென்ற செய்தி மட்டும் நமக்கு எட்டியது. என்ன விலை, வாங்கியவர் யார், பணம் எங்கே என்று மகாசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டோம். “எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று நிர்வாகிகள் சினந்தனர். அவ்வாண்டு பிள்ளைகளுக்குப் புத்தகம் வரவில்லை. நம் கேள்விக்கு அதுவே விடையாயிற்று.

தருமச் சொத்தை விற்பதே பாதகமென்று நாம் கூறவரவில்லை. வரும் வாடகையைவிடப் பழுது பார்க்கும் செலவு மிகுமாயின், அவ்வீட்டை விற்று அப்பணத்தைத் தக்க இடத்தில் முதலிடுவதே அறிவுடைமை. ஆனால் வீடு போன இடத்தில் பணம் நிற்கவேண்டும். பணம் நிற்குமிடத்தில் கொடுத்தவர் நோக்கமும் நிற்கவேண்டும். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டம் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. அசையாச் சொத்தை விற்பது ஸ்தாபனத்துக்கு அவசியமானது அல்லது நன்மை பயப்பது என்று காட்டவேண்டும். முன்னதாக அறிவித்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும். ஆணையரின் அனுமதி பெறாத விற்பனை செல்லாது.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென 1905-இல் தனிச் சட்டம் பிறந்ததும் பரிபாலனக் கேட்டினாலன்றோ!

சென்னைப் பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். கோயில் முதலிய தருமங்களுக்கென அவர் உயில் எழுதி வைத்த பெருஞ்செல்வம் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு ஒழுங்கு செய்தபின், எஞ்சிய பொருளைக் கொண்டு 1842-இல் பள்ளிக்கூடம் எழுந்தது. 1889-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அப்பள்ளியால் விளைந்த நன்மையைப் போற்றுகிறோம். எனினும் இடைப்பட்ட 48 ஆண்டுகளில் எழுத்தறியாமலே வாழ்ந்து மறைந்த பிள்ளைகளுக்கு யார் ஈடு செய்வார்? தருமப் பணம் தூங்கினாலும் திருட்டுப் போனாலும், ஏழைக்கு நேரும் நட்டம் ஒன்றே.

ஆதலின் தோழர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ, கோயிலுக்கோ, பள்ளிக்கோ ஒரு சொத்து வந்தால் அதன் உயிலை எல்லோரும் அறியப் படிக்கச் சொல்லுங்கள். விற்பதென்றால் இருவர் மதிப்பீடு பெற்று, பலரறிய விலை கூறி விற்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கணக்கைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கேட்பவனைப் பகைவன் என்பர், அதற்கு அஞ்சவேண்டா. கொடுத்தவர் எழுந்துவந்து கேட்கப் போவதில்லை. அவருக்காகக் கேட்க நம்மையன்றி வேறு நாதியில்லை.