உள்ளங்கைச் சூடு

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டேன். நல்ல மாடு ஒன்றை மலடு என்று சொன்னேன். தப்பு என் கையில் இருந்தது. அது பின்னால் எனக்குத் தெரிந்தும் விட்டது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. இரண்டு குற்றத்தையும் சொல்கிறேன்.

சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சியில் கால் மில்லிதான் இருக்கும். அது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும். எடுத்தவுடன் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி போட வேண்டும். வெப்பமானி வேண்டும், கடிகாரம் வேண்டும். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

வெந்நீர் பிளாஸ்க்கையும் வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு அலைவது தொந்தரவாக இருந்தது. வீட்டிலேயே வைத்துவிட்டேன். குச்சியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினேன். சில நாள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குக் கைராசி என்று ஊரில் பேர். அந்தப் பேர் தலைக்கு ஏறிவிட்டது. கைராசிக்காரனுக்கு வெப்பமானி எதற்கு என்று நினைத்தேன். அது திமிர். வேறு பேர் அதற்கு இல்லை.

2004 கோடை. குன்றக்குடிப் பக்கம் ஒரு கிராமம். செவலை நிறத்தில் ஜெர்சி கலப்பு மாடு. இடது கொம்பு உள்ளே வளைந்திருக்கும். அந்த வீட்டுக்கு அந்த மாட்டின் பால்தான் கைக்காசு. வீட்டுக்கார அம்மா என்னைத் தம்பி என்பார். நான் ஆத்தா என்பேன். மாடு சினைக்குக் கத்துகிறது என்று ஆள் அனுப்பினார். போனேன். ஊசி போட்டேன். 21 நாளில் மறுபடி கத்தியது. மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் போனேன். மூன்று முறையும் குச்சியைச் சூடாக்கியது என் உள்ளங்கைதான்.

நாலாவது முறை கூப்பிட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. பத்துப் பேர் பார்க்க, கைராசி பொய்யாகிக்கொண்டிருந்தது. கொட்டகையில் நின்று, "ஆத்தா, இது மலடு. தீனி போட்டுப் பிரயோசனம் இல்லை, தள்ளிவிடுங்க" என்றேன்.

மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருடைய மருமகள் நின்றிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. ஆத்தா மாட்டைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். "இந்த வீட்டுக்கு வந்து சேர்றதெல்லாம் இப்படித்தான் சேருது" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்து கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை கூட்டுவது என்று, பிள்ளையில்லாத வீடு தத்தெடுப்பதற்குத் தனி வழக்கமே வைத்திருக்கும் சீமை இது. மலடு என்ற சொல் இங்கே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பெட்டியை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மாட்டைத் தரகர் அடிமாட்டு விலைக்குப் பிடித்துப் போனார்.

மறு வருஷம் கல்லல் பக்கம் ஒரு தொழுவத்தில் அந்த வளைந்த கொம்பைப் பார்த்தேன். வயிறு இறங்கி, மடி கட்டியிருந்தது. "ஒரே ஊசிதான் சார்" என்றார் புது உடைமைக்காரர். ஊசி போட்டவர் பிளாஸ்க் கொண்டுவருவாரா என்று கேட்டேன். கொண்டுவருவார் என்றார்.

பிறகு ஒரு மறுபயிற்சி. கையில் உருட்டிய குச்சி ஒன்று, முறைப்படி உருக்கிய குச்சி ஒன்று. இரண்டையும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். இரண்டிலும் விந்தணுக்கள் நெளிந்தன. நெளிந்தால் உயிர் இருக்கிறது, போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தலையைப் பாருங்கள் என்றார்கள். முறைப்படி உருக்கியதில் பெரும்பாலான தலைகளின் முன்விளிம்பில் பிறை போல ஒரு கறுப்புக் கோடு. கையில் உருட்டியதில் பல தலைகளில் அது ஊதிக் கிழிந்திருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை.

அந்தப் பிறைதான் அக்ரோசோம் என்ற தொப்பி. அதற்குள் அக்ரோசின் முதலான, புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. கருமுட்டையைச் சுற்றிப் புரதத்தாலான தெளிவுறை ஒன்று உண்டு. விந்தணு பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் பக்குவப்பட்ட பிறகே முட்டையைச் சினைப்படுத்த முடியும். 1951இல் சாங்கும் ஆஸ்டினும் தனித்தனியாகக் கண்டது இது. அந்தப் பக்குவத்துக்குப் பிறகு தொப்பி திறந்து, நொதிகள் அந்த உறையைத் துளைக்க உதவ வேண்டும். மெதுவாக உருக்கினால் சிறு பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிச் சவ்வைக் கிழிக்கும். நொதி குச்சிக்குள்ளேயே கசிந்து வீணாகும். நெளிந்துகொண்டே போகிற விந்தணு முட்டையின் வாசலில் வெறுங்கையோடு நிற்கும்.

அப்போதும் தப்பிக்க வழி தேடினேன். அக்ரோசினே இல்லாத ஆண் எலிகளும் குட்டிகளுக்குத் தகப்பனாகின்றன என்று 1994இல் ஜப்பானில் பாபா குழுவினர் காட்டியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. அந்த நொதி இல்லாவிட்டாலும் சினை பிடிக்கும், அப்படியானால் குறை மாட்டில்தான் என்று சொல்லிக்கொண்டேன். அந்த எலிகளின் விந்தணு உறையைத் துளைக்கத் தாமதமாகிறது என்று அதே ஆய்வு சொன்னதை விட்டுவிட்டேன். நான் கெடுத்தது ஒரு நொதியை மட்டும் அல்ல, தொப்பியையே என்பதையும் விட்டுவிட்டேன்.

2020இல் அதே ஜப்பானிலிருந்து வெள்ளெலி ஆய்வு வந்தது. அக்ரோசின் இல்லாத ஆண் வெள்ளெலிக்குக் குட்டியே இல்லை. விந்தணுக்கள் உறையில் போய் ஒட்டிக்கொண்டன, உள்ளே நுழையவில்லை. உறையை நீக்கிக் கொடுத்தபோது சினைப்படுத்தின. எலிக்கு ஒன்று, வெள்ளெலிக்கு ஒன்று. மாடு இரண்டும் அல்ல. ஆனால் எலியைக் காட்டி நான் ஒளிந்துகொண்ட இடம் போய்விட்டது.

கல்லலில் மாட்டைப் பார்த்த மறுநாளே பிளாஸ்க்கை எடுத்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை கீழே வைக்கவில்லை. கையைத் திருத்தினேன். வாயைத் திருத்தவில்லை. ஆத்தா வீட்டுத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். வண்டியை நிறுத்தவில்லை. கைராசிக்காரர் என்ற பேர் போய்விடுமே என்ற பயம்.

போன மாதம் போனேன். ஆத்தா இறந்து பல வருஷம் ஆகிறது. கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தது. மருமகள்தான் கதவைத் திறந்தது. திண்ணையில் உட்காராமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாடு மலடு இல்லை, என் தப்பு என்றேன்.

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அத்தை இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றது. என்னிடம் பதில் இல்லை.

நான் படி இறங்கும்போது, "கன்னு காளையா, கிடாரியா?" என்று கேட்டது.

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொழுவத்துக்கு நான் மறுபடி போகவே இல்லை.