ஓரிரவுப் பயணத்தில் ஊணும் உறக்கமும்

பயணங்களுள் நெடும் பயணம், குறும் பயணம் என இருவகை உண்டு. நெடும் பயணத்திற்கு நம்மவர் நன்கு பழகியவர்கள். தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ செல்வோர் ஒன்றிரண்டு இரவுகளை வண்டியிலேயே கழிக்க வேண்டியிருத்தலின், உண்பதற்கும் உறங்குவதற்கும் வேண்டிய ஏற்பாடுகளைச் செம்மையாகச் செய்துகொண்டே புறப்படுகின்றனர். ஆனால் ஒரே இரவில், அதுவும் அவ்விரவின் முக்காற் பங்கில் முடிந்துவிடும் பயணத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏறிப் படுத்தால் சென்னை என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நாம் கண்ட அளவில், இக்குறும் பயணமே மனிதரைப் பெரிதும் களைப்படையச் செய்கின்றது. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்துப் பணி புரிந்து, ஆண்டிற்குப் பன்முறை பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே இரவு வண்டியில் சென்று வரும் நமக்கு, இது பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களோடு சில சொற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் அவா நெடுநாளாக உண்டு.

பெங்களூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதைத் தொலைவு ஏறக்குறைய 360 கிலோமீட்டர். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு நிலையத்திற்குப் பாதை திறக்கப்பெற்றது 1864-ஆம் ஆண்டில். அன்று முதல் இன்று வரை இப்பாதை வழியே பிழைப்பை நாடி நம்மவர் வந்துகொண்டே இருக்கின்றனர். வழியிலுள்ள பங்காருப்பேட்டையில் கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரிகின்றது. அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழ்மக்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அவர்தம் மக்களுள் பலர் நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து செல்கின்றனர்.

பகல் வண்டிகள் இப்பாதையில் பல உள. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற மைசூர்-சென்னை வந்தே பாரத் வண்டியும் அவற்றுள் ஒன்று. எனினும், மெயில் வண்டிக்கு மதிப்புக் குறையவில்லை. காரணம் எளிது. பகலில் பயணம் செய்தால் ஒரு நாள் ஊதியமோ ஒரு நாள் விடுப்போ போய்விடும். மாலை வரை பணியாற்றி, இரவில் வண்டியேறி, காலையில் சென்னையில் காரியத்தைப் பார்க்கலாம் என்பதே மெயிலின் பெருமை. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்க்கும் நாட்கூலி பெறுவோர்க்கும் இஃது ஒரு வரப்பிரசாதம் எனலாம்.

ஆயினும் கணக்கைச் சற்றே பார்ப்போம். மெயில் வண்டி, பெங்களூர் சிட்டி என்று நம் முதியோர் இன்னும் வழங்கும் சங்கொள்ளி ராயண்ணா நிலையத்தை விட்டு இரவு 10.30 மணிக்கு மேல் புறப்படுகின்றது. ஏறக்குறைய 6 மணி நேரத்தில், பொழுது புலருமுன்னரே, சென்னை சென்ட்ரலை அடைகின்றது. மூட்டைகளைச் சீர்செய்து, டிக்கெட் பரிசோதகரிடம் சீட்டைக் காட்டிப் படுக்கும்போது மணி 11 கடந்திருக்கும். இறங்குவதற்கு அரை மணி முன்னர் எழவேண்டும். எஞ்சுவது 5 மணி நேரத்திற்கும் குறைவே. காட்பாடியில் இறங்குவோர்க்கோ 3 மணி நேரம் உறக்கம் கிட்டினால் அதுவே பெரிது. இச்சிறு செல்வத்திலிருந்து முக்கால் மணி நேரத்தை உணவுப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுமாயின் என்ன மிஞ்சும்?

ஆனால் நடப்பதென்ன? வண்டி தண்டு நிலையத்தைக் கடப்பதற்குள் பொட்டலங்கள் அவிழ்கின்றன. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவல் எனப் பெட்டி முழுதும் மணம் கமழ்கின்றது. குழந்தைகளை எழுப்பி ஊட்டுகின்றனர். கை கழுவச் செல்வோரும் வருவோருமாக நடைவழி நிறைகின்றது. பங்காருப்பேட்டை வந்த பின்னும் விளக்கணையாத பெட்டிகள் பல. உண்ட களைப்போடு படுத்தவர்க்கு நெஞ்செரிச்சல். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 2, 3 மணி நேரமாவது இருத்தல் நலம் என்று மருத்துவர்கள் கூறுவதை நாம் அறிவோம். வீட்டில் அதனைக் கடைப்பிடிப்பவர்கூட வண்டியில் ஏறியவுடன் மறந்துவிடுகின்றனர்.

உயர்ந்த வகுப்பில் சென்றால் இத்தொல்லை இராது என்று எண்ணுவோர் உளர். சாதாரணப் படுக்கைப் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எண்மர். குளிர்சாதன இரண்டடுக்குப் பெட்டியில் அறுவர். குளிர்சாதன முதல் வகுப்பிலோ இருவர்க்கு அல்லது நால்வர்க்கு ஒரு தனியறை. குளிர்சாதன வகுப்புகளில் விரிப்பு, தலையணை, கம்பளி அனைத்தும் தருகின்றனர். காலியாக உள்ள மேல்வகுப்புப் படுக்கைகளை முழுக் கட்டணம் செலுத்திய கீழ்வகுப்பினர்க்குக் கூடுதற் கட்டணமின்றி வழங்கும் திட்டம் 2006-ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதன்படி ஒருமுறை நமக்கு இரண்டடுக்குப் பெட்டியில் இடம் கிட்டியது. எதிரே ஒரு கனவான். திரையை இழுத்துவிட்டு, தலைமாட்டு விளக்கின் ஒளியில், உணவுவிடுதியிலிருந்து வாங்கிவந்த நான்கைந்து வகைப் பண்டங்களை ஒவ்வொன்றாக உண்டு முடித்தபோது குப்பமும் கடந்துவிட்டது. காட்பாடியில் அவரை எழுப்ப உடன் வந்தவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. வெண்விரிப்பும் கம்பளியும் அவருக்கு என்ன பயன் தந்தன?

வானூர்தியிலும் இதே கதை என்று சிங்கப்பூரில் பணிபுரியும் நம் உறவினர் ஒருவர் கூறினார். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். அவருடைய நிறுவனத்தார் ஒருமுறை உயர்வகுப்புச் சீட்டு அளித்தனர். கட்டிலாக நீளும் இருக்கை. வெள்ளைத் துணி விரித்துப் பரிமாறும் உணவு. வானூர்தி மேலேறி நிலைகொள்ளும் வரையும், கீழிறங்கத் தொடங்கிய பின்னரும் இருக்கையை நிமிர்த்தி வைக்கவேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உணவு முழுவதையும் வரிசையாக உண்டவர் உறங்க இயலாது. உறங்க விரும்புபவர் உணவைத் துறக்க வேண்டும். நம் உறவினர் நிலையத்திலேயே சிறிது உண்டு, உள்ளே ஏறியதும் தண்ணீர் மட்டும் கேட்டுப் பெற்று உறங்கிவிட்டாராம். பணிப்பெண் இருமுறை உணவு வேண்டுமா என்று வினவினாராம். விலை கொடுத்ததை விட்டுவிட மனம் வாராது என்பதே பலர் உறக்கம் இழப்பதற்குக் காரணம் என்று அவர் கூறியது நமக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

உறக்கத்தின் மதிப்பை இருப்புப்பாதைத் துறையும் உணர்ந்தே விதிகள் வகுத்துள்ளது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரம் என 2017-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. அந்நேரத்தில் நடுப்படுக்கையை விரிப்பதை எவரும் தடுத்தல் கூடாது. நோயாளர், மாற்றுத்திறனாளர், கருவுற்ற மகளிர் ஆகியோர் அந்நேரத்திற்கு அப்பாலும் படுத்திருக்க ஏனையோர் ஒத்துழைக்க வேண்டும். இரவு 10 மணிக்குப் பின் உரத்த குரலில் பேசுதலும், கைப்பேசியில் பிறர் செவியில் விழுமாறு பாட்டு வைத்தலும் ஆகா என 2022-ஆம் ஆண்டில் அறிவுறுத்தினர். மெயில் வண்டி புறப்படுவதே 10 மணிக்குப் பின்னர் ஆதலின், அதில் கால் வைக்கும்போதே நாம் பிறருடைய உறக்க நேரத்திற்குள் நுழைகின்றோம் என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. இவ்வண்டியில் திருமணத்திற்குச் செல்வோர் மட்டும் இல்லை. காட்பாடியில் இறங்குவோரைச் சற்று உற்று நோக்குங்கள். முக்காடிட்ட முதியவர், தோளில் சாய்ந்த குழந்தை, மருத்துவக் கோப்புகள் அடங்கிய துணிப்பை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, இன்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக விரிந்து நாடெங்கும் உள்ளோரை ஈர்க்கின்றது. காலையில் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோயாளிக்கு இரவு உணவு என்பது வெறும் சுவையன்று. வெறும் வயிற்றில் இரத்தத்தில் சர்க்கரை காண்பதற்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரன்றி வேறொன்றும் உட்கொள்ளாமல் இருத்தல் வேண்டும்.

நம் அன்னையாரை அவ்வாறு வேலூருக்கு அழைத்துச் சென்ற இரவு நினைவிற்கு வருகின்றது. மருத்துவரிடம் முன்னரே கேட்டறிந்தபடி, வீட்டிலேயே 8 மணிக்கு இரண்டு இட்லியும் மாத்திரையும் கொடுத்துப் புறப்பட்டோம். “வண்டியில ஏறி ஒரு பிடி சோறு திங்காம என்னப்பா பயணம்?” என்று அன்னையார் குறைப்பட்டுக்கொண்டார். எனினும் கீழ்ப்படுக்கையில் படுத்தவர் காட்பாடி வரும் வரை கண் விழிக்கவில்லை. எதிர்ப்படுக்கையில் ஒரு பெரியவர். அவரும் அதே பரிசோதனைக்குச் செல்பவரே. தந்தை பசியோடு படுக்கலாகாது என்ற அன்பால், அவர் மகன் நள்ளிரவை அணுகும் வேளையில் பரோட்டாவும் இனிப்பும் ஊட்டினார். மறுநாட் காலை 7 மணிக்கு அம்மகனைப் பரிசோதனைக் கூடத்து வாயிலில் கண்டோம். இரவில் எத்தனை மணிக்கு உணவு கொண்டார் என்று கேட்டு, அடுத்த நாள் வருமாறு கூறிவிட்டனராம். நாட்கூலி வேலை செய்பவர் அவர். விடுதி அறைக்கு இன்னும் ஒரு நாள் வாடகை; கூலியில் இன்னும் ஒரு நாள் இழப்பு. அவர் முகத்தைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எனவே, ஓரிரவு வண்டியில் உணவும் உறக்கமும் ஒன்றையொன்று நெருக்கும்போது, உணவை வீட்டோடு முடித்து உறக்கத்தை வண்டிக்குக் கொடுத்தலே அறிவுடைமை என்பது நம் கருத்து. 8 மணிக்குள் மோர்ச்சோறோ இட்லியோ அளவாக உண்க. குழந்தைகளுக்கு வேண்டுமாயின் புறப்படுமுன் பாலும் ஒரு வாழைப்பழமும் போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் உணவைத் தாமாக நீக்காமல், மருத்துவரைக் கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளல் வேண்டும். அவர்கள் கையில் சிறிதளவு இனிப்பு எப்போதும் இருத்தல் நன்று. பொட்டலம் கட்டியே ஆகவேண்டும் என்போர் காலைக்கென்று கட்டுக. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் பொதிந்த இட்லி காலை வரை கெடாது. தேங்காய்ச் சட்டினியும் தேங்காய்ச் சோறும் வேண்டா.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. வண்டி குப்பம் வழியாக ஆந்திர எல்லையைத் தொட்டுச் சோலையார்பேட்டைக்கு இறங்கும்போது குளிர் சிறிது சிறிதாக விலகும், வாணியம்பாடி, ஆம்பூர் கடந்து செல்லச் செல்லக் காற்றில் வெப்பம் ஏறும், அரக்கோணத்தில் வியர்க்கும். ஆதலின் விரிப்புத் தரப்பெறாத சாதாரணப் படுக்கையில் செல்வோர் ஒரு கனத்த போர்வைக்குப் பதில் இரண்டு மெல்லிய துப்பட்டிகள் கொண்டு சென்றால், இடையில் ஒன்றை நீக்கிவிடலாம். மூட்டையைக் கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலியிட்டுப் பூட்டுக. அறிமுகமில்லாதார் தரும் தின்பண்டத்தை எத்துணை அன்போடு தரினும் ஏற்காதீர். காட்பாடியில் இறங்குவோர் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்வதோடு, உடன் வருவோருள் ஒருவர் பொறுப்பேற்று முன்னதாக எழுதலும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறும்போது, பொட்டலம் கட்டித் தரும் கைகளை நாம் மதியாதவர் என்று எவரும் கருதிவிடலாகாது. விடுமுறை முடிந்து பெங்களூருக்குத் திரும்பும் இரவில், ஊரில் தாய் கட்டித்தரும் சோற்றுப் பொட்டலத்தின் விலையை அயலூரில் வாழும் நம்மைவிட அறிந்தவர் யார்? அதனால்தான், அன்று மாலை சற்று முன்னதாகவே இலை போடச் சொல்லி, அவர் எதிரிலேயே அமர்ந்து வயிறார உண்ணுங்கள் என்கின்றோம். மகன் உண்பதைக் கண்ணால் காணுதல் தாய்க்கும் நிறைவு. மறுநாளைக்கென்று அவர் தரும் முறுக்கையும் பருப்புப் பொடியையும் பெங்களூரில் நண்பகல் உணவோடு பிரித்து, அருகில் அமர்ந்திருக்கும் கன்னட நண்பர்க்கும் ஒரு பங்கு கொடுங்கள். நன்கு உறங்கி எழுந்த நாவிற்கு அதன் சுவை இரு மடங்காகத் தோன்றும்.