நடுவில் நிற்கிறவர்கள்

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 1:3-5





நம் சபையார் வீடுகள் பலவற்றில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. சில வீடுகளில் அது, 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினி. சில வீடுகளில் ஓய்வுபெற்ற தகப்பனார் வாங்கிவைத்த மேசைக் கணினி. வேகம் குறைந்துவிட்டது, ஆனாலும் எறிய மனம் வரவில்லை. திருமண ஒளிப்பதிவும் ஞாயிறு பள்ளி நாடகமும் பழைய திரைப்படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அதே வீட்டின் கூடத்துச் சுவரில் புதிய தொலைக்காட்சி பெரிதாகத் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே பேச்சில்லை.

மயிலாப்பூரில் அப்படிப்பட்ட ஒரு வீட்டிற்கு அண்மையில் ஜெபிக்கச் சென்றிருந்தேன். காலமான கணவர் கணினியில் சேர்த்துவைத்த படங்களைப் பேத்தியோடு பார்க்கவேண்டும் என்பது அந்தப் பாட்டியின் ஆசை. அவருடைய மகள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சிறு மாற்றியை வாங்கி வந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவி செய்கிற வேலையை நாம் சற்றுக் கவனிப்போம்.

பழைய கணினியின் பின்புறத்தில் இருப்பது வி.ஜி.ஏ. என்னும் இணைப்பு. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது, 15 துளைகள் உடையது. அது படத்தை ஏறி இறங்கும் மின்னலைகளாக அனுப்புகிறது. புதிய தொலைக்காட்சியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. அதன் முதல் வரையறை 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 19 முனைகள் உடையது. அது படத்தை எண்களாகப் பெற்றுக்கொள்கிறது. இரண்டு முனைகளையும் வெறுங்கம்பியால் இணைத்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றின் மொழியைக் கேட்டு மற்றொன்றின் மொழியில் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும். அதுவே மாற்றியின் ஊழியம். அது ஒரே திசையில்தான் வேலை செய்யும் என்பதால், வாங்கும்போது எதிலிருந்து எதற்கு என்று கேட்டு வாங்கவேண்டும்.

அன்று அந்தக் கூடத்தில், லூக்கா சுவிசேஷத்தைத் தழுவி 1979இல் எடுக்கப்பட்ட 'இயேசு' திரைப்படத்தின் தமிழ்ப் பதிப்பு ஓடியது. பேதுரு வெளியே போய் அழுகிற கட்டம் வந்தது. "ஏன் பாட்டி அழறாரு?" என்று குழந்தை கேட்டாள். "ஆண்டவரை மறுதலிச்சுட்டாரும்மா" என்றார் பாட்டி. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிற குழந்தை விழித்தாள். "மறுதலிச்சாருன்னா?" பாட்டிக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. வேதாகமத்தின் அந்தச் சொல்லோடுதான் அவர் எழுபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அப்பொழுது சமையலறை வாசலில் நின்றிருந்த தாய் சொன்னார்: "ஸ்கூல்ல எல்லாரும் உன் ஃப்ரெண்டைத் திட்டறாங்க. நீயும் பயந்துபோய், 'இவ யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிடறே. அவ திரும்பி உன்னைப் பாக்கறா. உனக்கு எப்படி இருக்கும்?" குழந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அழுகை வரும்மா" என்றாள்.

பிரியமானவர்களே, அந்த வீட்டில் இரண்டு மாற்றிகள் இருந்தன.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மூன்று தலைமுறைகளை ஒரே வாக்கியத்தில் வைக்கிறார்: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், மகன் தீமோத்தேயு. நடுவில் நின்ற ஐனிக்கேயாளின் வீடு எளிதான வீடு அன்று. அவள் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ. கணவனோ கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 கூறுகிறது. வீட்டுக்குள் ஒரு மரபு, லீஸ்திராவின் தெருக்களில் இன்னொரு மரபு. ஆயினும் தீமோத்தேயு சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவனாய் வளர்ந்தான். இன்றைய பெற்றோருக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவதாக, நடுவில் நிற்கிறவர் பெறுகிறவரின் அளவை அறிந்திருக்கவேண்டும். படம் ஓடுவதற்கு முன்பே, தான் எந்த அளவுள்ள படத்தை ஏற்கமுடியும் என்பதைத் தொலைக்காட்சி மறுபுறத்திற்குத் தெரிவிக்கிறது. அதை மீறி அனுப்பினால் திரை இருண்டு நிற்கும். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைக் கேளாமல் நாம் போதித்தால், குறை போதனையில் இல்லாவிட்டாலும் திரை இருண்டுதான் இருக்கும். கேட்கிறதற்குத் தீவிரமாயிருக்க யாக்கோபு 1:19 நமக்குக் கற்பிக்கிறது.

இரண்டாவதாக, நடுவில் நிற்கிறவருக்குத் தன்னுடைய மின்சாரம் வேண்டும். இந்த வகை மாற்றிகளில் யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் ஏற்ற ஒரு சிறு கம்பி இருக்கும். பலர் அதைச் செருகாமல் விட்டுவிட்டு, படம் வரவில்லை என்பார்கள். ஐனிக்கேயாள் லோவிசாளின் விசுவாசத்தைக் கைமாற்றிக் கொடுத்தவள் மட்டும் அல்ல. அந்த விசுவாசம் அவளுக்குள்ளும் நிலைத்திருந்தது என்று பவுல் சாட்சியிடுகிறார். பாட்டி ஜெபிக்கிறார், பிள்ளை ஞாயிறு பள்ளிக்குப் போகிறது, அது போதும் என்று நடுவில் இருக்கிற நாம் ஜெபியாமல் இருப்போமானால், மின்சாரமற்ற மாற்றியாகவே இருப்போம்.

மூன்றாவதாக, படத்தோடு ஒலியும் போய்ச் சேரவேண்டும். வி.ஜி.ஏ. படத்தை மட்டுமே சுமக்கும். ஒலிக்கு, கணினியின் ஒலித்துளையிலிருந்து மாற்றிக்குத் தனிக் கம்பி இழுக்கவேண்டும். நம் பிள்ளைகள் நாம் காணிக்கை போடுவதையும் உபவாசிப்பதையும் துக்கவீட்டிற்கு ஓடுவதையும் பார்த்து வளர்கிறார்கள். படம் நன்றாகவே தெரிகிறது. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று நாம் சொல்லாததால் அது ஊமைப்படமாக ஓடுகிறது. இவைகள் என்ன என்று உன் குமாரன் கேட்கும் நாளில் என்ன சொல்லவேண்டும் என்பதை உபாகமம் ஆறாம் அதிகாரம் இஸ்ரவேலுக்குக் கற்றுக்கொடுத்தது. நடத்தையோடு விளக்கமும் வேண்டும்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தொலைக்காட்சியின் ரிமோட்டில் எந்த இணைப்பைக் காட்டவேண்டும் என்று தெரிவுசெய்ய வேண்டும். அதை மாற்றி செய்யமுடியாது. நம் பிள்ளைகளுக்காக நாம் விசுவாசிக்க முடியாது. யாரைச் சேவிப்பது என்பதை அவர்களே தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை இன்னும் திரும்பவில்லையே என்று கண்ணீரோடு இருக்கிற பெற்றோரே, உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ளாதிருங்கள். இணைப்பைக் கழற்றிவிடவும் வேண்டாம்.

அடையாறிலும் தியாகராய நகரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் லோவிசாள்கள் நம் சபையில் உண்டு. பெற்றோர் வேலைக்குப் போக, கைபேசியோடு தனித்திருக்கும் தீமோத்தேயுக்களும் உண்டு. பவுல் தீமோத்தேயுவைத் தன் குமாரன் என்றே அழைத்தார். இரத்த உறவு இல்லாதவர்களும் நடுவில் நிற்கலாம். இந்த வாரத்தில் ஒரு மாலை, மூன்று தலைமுறையினர் ஒன்றாக அமர்ந்து லூக்கா 22:54-62 வாசியுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பெரியவர்கள் சொல்லட்டும். நடுவில் இருப்பவர்கள் அந்த ஒரு மணிநேரம் கைபேசியை எடுத்து வையுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உமக்கும் எங்களுக்கும் நடுவராக உமது குமாரனையே தந்தீர். எங்கள் வீடுகளில் முதியோருக்கும் சிறியோருக்கும் நடுவில் நிற்கிறவர்களைப் பெலப்படுத்தும். கேட்கும் காதையும், உம்மில் நிலைத்திருக்கும் விசுவாசத்தையும், ஏற்ற வார்த்தையையும் அவர்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.