84 தடவைகள்

இரவு ஆசிரியபீடத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவனுக்குப் பகலில் கண் சொருகுவது நோயாகத் தோன்றுவதில்லை. தொழிலின் இயல்பென்றே நானும் எண்ணியிருந்தேன். காலி வீதியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவன் அப்படியே உறங்கிப்போய், பின்னால் நின்ற பஸ்ஸின் ஹோர்ன் ஒலியில் விழித்தெழுந்த அன்றுதான், "தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்று நின்று வருகிறது" என்று மனைவி பல மாதங்களாகச் சொல்லிவந்தது காதில் ஏறியது.

வைத்தியர் இரண்டு வழிகளைக் கூறினார். வைத்தியசாலையில் ஓரிரவு தங்கி மூளையலை, கண்ணசைவு, இதயத்துடிப்பு, மூச்சு, குருதியின் ஒட்சிசன் அனைத்தையும் பதிவுசெய்வது ஒன்று. சிறு கருவியொன்றை மூக்கிலும் நெஞ்சிலும் விரலிலும் பொருத்திக்கொண்டு சொந்தக் கட்டிலில் படுப்பது மற்றையது. செலவும் குறைவு, சிரமமும் குறைவு. இரண்டாவதையே தேர்ந்தேன்.

ஏழு மணித்தியாலப் பதிவில் 84 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. மணித்தியாலத்துக்கு 12. ஐந்திலிருந்து இலேசானது, 15இலிருந்து நடுத்தரம், 30இலிருந்து கடுமை என்பது வைத்தியர்களின் அளவுகோல். "இலேசானது" என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்துபோனேன்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அன்றிரவு மூன்று மணித்தியாலம் அயல்வீட்டு நாயின் குரைப்பைக் கேட்டபடி விழித்தல்லவா கிடந்தேன்! மூளையலையை அளக்காத அக்கருவி, விழித்துக் கிடந்தவனையும் உறங்குபவனாகவே கொண்டுவிட்டது. 84ஐ நான்கால் வகுத்தால் 21. எண்ணியதில் பிழையில்லை, வகுத்ததில்தான் பிழை. தேர்தல் முடிவுகளின் சதவீதங்களைச் சரிபார்த்தே தலை நரைத்த எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியர் மறுக்கவில்லை. "வீட்டுப் பரிசோதனை நோய் உண்டென்றால் பெரும்பாலும் நம்பலாம். இல்லையென்றோ இலேசென்றோ சொன்னால், அறிகுறி உள்ளவர் அத்துடன் நின்றுவிடக் கூடாது" என்றார். இருதய பலவீனமோ கடும் சுவாச நோயோ உள்ளவர்களை நேரே ஆய்வுகூடத்துக்கே அனுப்புவாராம்.

தலை நிறைய வயர்களோடு, கமராவின் கண்காணிப்பில், அந்நியக் கட்டிலில் ஓரிரவு. மனிதன் உறங்கக்கூடிய நிலையல்ல அது. ஆயினும் உறங்கிய நேரத்தை மட்டுமே அங்கு கணக்கில் எடுத்தார்கள். விடை 24.

சிட்னியில் கொலின் சலிவன் உருவாக்கி 1981இல் வெளியுலகுக்கு அறிவித்த காற்றழுத்தச் சிகிச்சைதான் எனக்கும் வாய்த்தது. அழுத்தத்தைத் தீர்மானிக்க இன்னோர் இரவு ஆய்வுகூடத்தில் படுக்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சினேன். வேண்டியிருக்கவில்லை; இன்றைய கருவிகள் வீட்டிலேயே மூச்சுக்கேற்ப அழுத்தத்தைத் தாமாகக் கூட்டிக் குறைக்கின்றன. முகமூடிக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது.

காலையில் அதன் திரையில் தோன்றும் எண்ணை என் மனைவிதான் முதலில் பார்க்கிறாள். நேற்று 3.