வாரின் பிடி

பள்ளித் திடலில் புல் ஒரே மட்டமாய் இருக்கும்வரை, அதனை வெட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. புல் முழங்காலை எட்டும்போதுதான் அவர் பெயர் அடிபடும். கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குக் குத்தகையில் புல் வெட்டிவரும் பெரியவர் ஒருவரின் பெயரும், விளையாட்டுப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் அவ்வாறே அடிபட்டது. அமர்ந்து ஓட்டும் அவருடைய புல்வெட்டும் இயந்திரம் திடலின் சரிவில் ஏறாமல் நின்றுவிட்டது.

எஞ்சின் முழங்கியது, கத்தியும் சுழன்றது, சக்கரம் மட்டும் நகரவில்லை. ஓட்டியவன் அவருடைய தங்கை மகன், பத்தொன்பது வயதினன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடும் எண்ணம் அவனுக்கு இருந்தது. மாமாவின் கண்ணில் புரை விழுந்திருந்தபடியால் அதனை வாய்விட்டுச் சொல்லத்தான் தயங்கினான்.

இத்தகைய இயந்திரத்தில் இரண்டு வார்கள் உண்டு. பட்டறைகளில் பெல்ட்டு என்பார்கள். ஒன்று கத்தியைச் சுழற்றும். மற்றது எஞ்சினின் விசையைப் பின்புறமுள்ள கியர்ப் பெட்டிக்குக் கொண்டு செல்லும். பின்னது வழுக்கினால் முழக்கம் இருக்கும், ஓட்டம் இராது.

"ஸ்பிரிங்கை ஒரு துளை தள்ளி மாட்டினால் இறுகிவிடும், மாமா."

"இறுகும். பிறகு பேரிங் போய்விடும். முதலில் ஏன் வழுக்கியது என்று பார், தம்பி."

சமதரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் ஆறும்வரை பெரியவர் எதனையும் தொடவிடவில்லை. சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிளக் கம்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்கச் சொன்னார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு கணு இல்லை. அதன் கதையை அவர் எவரிடமும் சொன்னதில்லை. கம்பியைக் கழற்றாமல் எவரையும் கைவிட விட்டதுமில்லை.

கத்தித் தட்டை இறக்கியதும், கழற்றுமுன்பே வார் செல்லும் வழியைச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையுமாறு பணித்தார். எந்தக் கப்பியில் வாரின் உட்புறம் படுகிறது, எதில் முதுகு படுகிறது, தடுப்பு முளைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஒன்றுவிடாமல் வரைய வேண்டும். இளைஞனுக்கு இது வீண்வேலையாகத் தோன்றியது. கழற்றிய பின்னர் நினைவை நம்புகிறவர்கள் பெரும்பாலும் இருமுறை கழற்றுகிறார்கள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

பழைய வாரின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. வழுக்கி வழுக்கிச் சூடேறியதன் அடையாளம் அது. ஆப்பு வடிவான இந்த வார் பள்ளத்தின் அடியில் அமர்ந்து இழுப்பதன்று. இருபக்கச் சுவர்களையும் நெருக்கிப் பிடித்தே இழுக்கிறது. பக்கம் தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டால் பிடி போயிற்று. பெரியவர் வாரோடு நிற்கவில்லை. கப்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுழற்றினார். வாரை அழுத்திப் பிடிக்கும் கப்பி கரகரத்தது. குற்றவாளி அதுதான். புதிய வாரை மட்டும் மாட்டியிருந்தால், அதுவும் விரைவில் கருகியிருக்கும்.

வாரின்மேல் இருந்த எண் அழிந்துபோயிருந்தது. இளைஞன் நகரத்துக்குப் போய், கப்பியுடன் அதே நீளமுள்ள கார் பெல்ட்டு ஒன்றையும் வாங்கி வந்தான். விலை பாதிதான். பெரியவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். காரின் வார் எப்போதும் இறுகியே ஓடுவது. இந்த வாரோ மிதியை அமுக்கினால் நழுவ வேண்டும். விட்டால் மெல்லப் பற்ற வேண்டும். அதற்காகவே இதனைச் சுற்றிலும் துணியால் போர்த்திச் செய்கிறார்கள்.

ஆப்பு வடிவ வாரை 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கினார். 1920ஆம் ஆண்டு வாக்கில் உலகத்து ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவின் பால்மரங்களிலிருந்தே சென்றது. இன்றைய வார்களில் செயற்கை ரப்பரும் வலிய இழைகளுமே மிகுதி. பெரியவரின் தந்தையார் மரம் வெட்டியவர். தம் கையால் சேர்த்த பால் எங்கெங்கே சுழன்றது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

மறுநாள் சரியான வார் வந்தது. இளைஞன் திருப்புளியால் நெம்பி ஏற்றப் போனான். "இரும்பு வேண்டாம், உள்ளே இழை அறுந்தால் வெளியே தெரியாது" என்று தடுத்தார். மிதியை அமுக்கி நிறுத்துவிசையைப் பூட்டியதும் வார் தளர்ந்தது, வெறுங்கையே போதுமானதாயிற்று. ஸ்பிரிங்கைக் கயிற்று வளையத்தால் இழுத்து, முகத்தை விலக்கிக்கொண்டு மாட்டினான்.

இழுவிசையைத் திருகாணியால் அமைக்கும் இயந்திரமாயின், கப்பிகளுக்கிடையே 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கும் அளவே பொதுக் கணக்கு. ஸ்பிரிங் உள்ள இடத்தில் அந்த வேலையை ஸ்பிரிங்கே செய்துகொள்ளும். அதனைத் தாங்கும் கை தடையின்றி அசைகிறதா, கப்பிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பவையே மனிதன் பார்க்க வேண்டியவை. நூல் பிடித்துப் பார்த்தான். நேராகவே இருந்தன.

கத்தித் தட்டையும் பிளக் கம்பியையும் மாட்டி எஞ்சினை முடுக்கினார்கள். மிதியை முழுதும் அமுக்கியும் இயந்திரம் நத்தைபோல் ஊர்ந்தது. நிற்கவேண்டிய நேரத்தில் நில்லாத இயந்திரம், ஓடாத இயந்திரத்தைவிடக் கொடியது. அதுவும் பிள்ளைகள் ஓடும் திடலில். பெரியவர் குனிந்து பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு அடியில் இருள்தான் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றார்.

இளைஞன் எஞ்சினை அணைத்தான்; சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்; எவரும் சொல்லாமலே பிளக் கம்பியைக் கழற்றினான். தரையில் இருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தான். எஞ்சின் கப்பியருகே ஒரு முளைக்கு உட்புறமாகச் செல்ல வேண்டிய வார் வெளிப்புறமாகச் சென்றிருந்தது. தட்டை மீண்டும் இறக்கி, வாரை வழிமாற்றி ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

இம்முறை மிதித்ததும் நின்றது. விட்டதும் மெல்ல நகர்ந்தது.

"நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மாமா."

"என் கண்ணுக்குச் சரிவும் சமதரையும் ஒன்றுதான். நீயே ஓட்டு. இரண்டு மணி நேரம் ஓடட்டும். புது வார் கொஞ்சம் நீளும். நிறுத்திவிட்டு மறுபடியும் பார். அதற்கு முன்னால் வாரின் எண்ணை இருக்கைக்கு அடியில் சாயத்தால் எழுதிவை."

"எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே?"

"உனக்கில்லை. அடுத்து மாட்டப் போகிறவனுக்கு."

இளைஞன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தூரிகையைத் தேடிப் போனான்.